வேகத்தடை தாண்டியதும் ஒரு 'டொக்'

போன வாரம் இடது முன்பக்க அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, காடியைப் பட்டறையில் விட்டுவிட்டு கிராப் டாக்சி பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரு நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "மச்சான், நீ போட்டிருக்கிற காயிலோவர் செட் விலை இறங்கியிருக்காம். வாங்கலாமா? நல்லா கட்டியா வேணும்னா எத்தனை கிளிக் வைக்கணும்?" அன்றே பதில் சொல்லியிருந்தால் நட்பு முறிந்திருக்கும். இப்போது காடி திரும்பி வந்துவிட்டது, கோபமும் பாதி இறங்கிவிட்டது. எழுதலாம்.

காடி டொயோட்டா 86. காயிலோவர் என்றால் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட்; அதன் பெயர் இங்கே வேண்டாம். உயரத்தையும் ஸ்பிரிங் ப்ரீலோடையும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைக்கிற அளவு) தனித்தனியாகத் திருகிக்கொள்ளும் வகை, அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் குமிழில் 32 கிளிக், முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ கேட்கும் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கைவிட மூன்று மடங்குக்கு மேல் கட்டி. போட்டு மூன்று வருடம் ஆகிறது.

அந்த மூன்று வருடமும் என் உயிரை வாங்கியது ஒரே ஒரு சத்தம். கிள்ளானில் எங்கள் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள் நுழைந்தால் வீட்டு வாசல் வரை ஐந்து வேகத்தடை. மேட்டில் ஏறும்போது ஒன்றும் இருக்காது. முன்சக்கரம் அதைத் தாண்டி இறங்குகிற நொடியில் 'டொக்'. காடிக்கு அடியில் யாரோ படுத்துக்கொண்டு மரச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. ஐந்து மேட்டுக்கு ஐந்து டொக். மனைவி சமையலறையில் இருந்தே எண்ணி, நான்காவதுக்கு கேட்டைத் திறக்க வந்துவிடுவாள்.

தேடாத இடமில்லை. மேல் மவுண்டின் பில்லோ பாலை மாற்றினேன், ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினேன், லோவர் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றினேன். ஒரு பட்டறை போர்மன், "இது ரேஸ் அப்சார்பர் பாஸ், சத்தம் வரத்தான் செய்யும்" என்று சொல்லியே காசு வாங்கிக்கொண்டார். போகிற வருகிற இடத்திலெல்லாம் இந்த செட்டைத் திட்டித் தீர்த்தேன்.

இந்த முறை சீல், எண்ணெய் மாற்றி நைட்ரஜன் ஏற்றிக் கொடுத்த இடத்தில் ஒரு சின்னப் பையன் வேலை பார்த்தான். வலது பக்கத்தையும் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரின் மேல் டேப்பை வைத்து அளந்துவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, ஸ்பிரிங்க யாரு இவ்வளவு நெருக்கி வச்சது? பதினஞ்சு மில்லி இருக்கு." முன்னால் போட்ட கடை என்று சொல்லிவிட்டேன். பொய். ஹூக் ஸ்பேனரை வைத்துத் திருகியது நான்தான், செட் வந்த முதல் மாதத்திலேயே.

ஸ்பிரிங்கை நெருக்கினால் காடி கட்டியாகும் என்பது என் தப்புக் கணக்கு. 8 கிலோ ஸ்பிரிங்கை எவ்வளவு நெருக்கினாலும் அடுத்த ஒரு மில்லிமீட்டருக்கு அதே 8 கிலோதான் கேட்கும். கட்டி துளிகூட ஏறாது, காடி உயரும், அவ்வளவுதான். உயர்ந்த காடியைக் கீழ் பிராக்கெட்டைத் திருகிப் பழைய உயரத்துக்கே இறக்கி வைத்த அறிவாளியும் நான்தான். முன்பக்கம் ஒரு ஸ்பிரிங்கில் சுமார் 300 கிலோ உட்காருகிறது. அது கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் அமுங்கும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இருக்கிற இடமும் அதே 37தான். அதில் பதினைந்தை நான் தின்றுவிட்டேன். மீதி 22. வேகத்தடை தாண்டியதும் சக்கரம் தொங்கப் பார்க்கும், இடம் இருக்காது, அப்சார்பர் தண்டு உள்ளே கடைசிவரை இழுபட்டு முட்டும். அதுதான் டொக். "இப்படி மூணு வருஷம் அடிச்சுத்தான் சீல் போச்சா?" என்று கேட்டேன். பையன் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

காலரைக் கையால் திருகி ஸ்பிரிங் ஆடாத அளவில் நிறுத்தி, அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வைத்தான். இரண்டு பக்கமும் காலர் ஏறி இறங்கும் திருகு மரையில் இருந்த மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் காலரைத் தொட்டான். நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. ஆர்ம் போல்ட்டுகளை ஜாக்கில் தொங்கும்போது இறுக்கவில்லை. காடி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கினான், புஷ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. டொக் போயே போச்சு. இப்போது வாசலில் நின்று ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கிளிக். வலது பக்கம் திருகினால் கட்டி. முழுக்க மூடிய இடத்தில் இருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வா, முட்டியதும் அழுத்தித் திருகாதே, உள்ளே ஊசி வால்வு இருக்கிறது. இந்தக் குமிழ் காடியைத் தாங்காது. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு மெதுவாகத் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். நீண்ட வளைவில் காடி கடைசியில் எவ்வளவு சாயும் என்பது ஸ்பிரிங்கும், சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரும் முடிவு செய்வது. முழு கட்டியில் வைத்து ஒரு மழை நாளில் வளைவுகள் நிறைந்த உலு யாம் ரோட்டில் போனேன். ஒரு குழிக்கு அமுங்கிய சக்கரம் திரும்புவதற்குள் அடுத்த குழி வந்துவிட்டது. வளைவின் நடுவில் பின்பக்கம் ஒரு தாவு தாவியது பார், பாட்டை நிறுத்தி மௌனமாக வீடு வந்தேன். இப்போது முன்னால் 14, பின்னால் 18. அதே ரோட்டில் காடி தார் மேல் தடவிக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்கில் கை வைத்தால் இடது டயர் கல்லில் ஏறுவதா வலது டயரா என்று தெரிகிறது. செப்பாங் ரேஸ் டிராக்குக்கு ஒருநாள் போனபோது ஆறு கிளிக் வரை இறுக்கினேன். பிரேக்கோடு திரும்ப வேண்டிய 14-வது வளைவில் அது சுகமாகத்தான் இருந்தது. அங்கே தார் வழவழ. தாமானில் அது எங்கே?

ஆனால் பின்பக்கக் குமிழை அடைய ஒவ்வொரு முறையும் காடியின் பின் டிக்கியில் ஓரத் துணியைப் பிரிக்க வேண்டும். கிளிப் உடையும். நான் கடைசியில் கத்தியால் ஓட்டை போட்டுவிட்டேன். உயரமும் சொல்லிவிடுகிறேன்: 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதே. லோவர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே ஏறிவிட்டால் முன்பக்கம் முன்னைவிட அதிகமாகச் சாயும், பார்ப்பதற்கு மட்டும் அழகாக இருக்கும்.

ஆக, செட்டின் மேல் குற்றமில்லை. இவ்வளவு கொடுமைக்கும் மூன்று வருடம் தாங்கியிருக்கிறது. இருந்தாலும் மச்சான், வாங்காதே. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடு. நீயும் முதல் மாதமே ஸ்பேனரை எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அப்புறம், என்னுடையதைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்காதே. தரமாட்டேன்.