களுதாவளைப் பக்கத்து வீட்டுத்தோட்டம்: போகலாம், கச்சான் காற்றில் வேண்டாம்

மட்டக்களப்பில் குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஒரு நல்ல தோட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறது. கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. கல்முனை றோட்டால் வந்து களுதாவளையில் கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு பெயர்ப்பலகை என்று ஒன்றுமே இல்லை, ஃபோனில் மேப்பைப் போட்டால் அது யாரோ ஒருவருடைய வெற்றிலைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. பேசாமல் ஒரு கடையில் கேளுங்கள். "பூமரக்கார அக்கா வீடா?" என்று கேட்டு ஒழுங்கையைக் காட்டி விடுவார்கள்.

இங்கிலாந்தில் 1927 இலிருந்து இப்படி வீட்டுத் தோட்டங்களைத் தர்மத்துக்குக் காசு சேர்ப்பதற்காகத் திறந்து விடுகிறார்கள், எந்த வளவு எந்த நாளில் திறக்கும் என்று மஞ்சள் அட்டையில் புத்தகமே போடுகிறார்கள். நமக்குப் புத்தகம் வேண்டாம், சந்தியில் ஒரு பலகை நட்டால் போதும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பென்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அதே நினைப்போடு வந்தால் ஏமாற்றம்தான். அது மழை கொட்டுகிற பக்கம், இது வெறும் கடல் மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போடுகிற உரமும் அதோடு இறங்கிவிடும். அந்த மணலில் அக்கா மாதுளையும் தோடையும் காய்க்க வைத்திருக்கிறார் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் போக வேண்டும். குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மணல் போட்டு, மேலே இன்னொரு அடுக்கு. அந்த மட்டை குடிக்கிற தண்ணீரில்தான் கோடையில் வேர் உயிரோடு இருக்கிறது. கிணற்றில் பம்ப் போட்டு விடாமல் இறைத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் வாளிதான். கடதாசிப்பூவுக்கு அதுவும் இல்லை. "தண்ணி கூடினா இலைதான் தம்பி வரும், பூ வராது" என்றார். என் வீட்டில் ஏன் இலையாகவே நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

குறை சொல்வதென்றால் அந்தூரியம் பகுதி. நிழல் வலை கட்டி, செங்கல் துண்டும் கரியும் போட்டு வளர்த்தும் சோர்ந்துபோய்த்தான் நிற்கின்றன, விற்கிற விலைக்கு நான் வாங்க மாட்டேன். கன்றுகளில் விலை எழுதியும் இல்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கலாம்.

நுழைவுக்கு 200 ரூபா, பிள்ளைகளுக்குக் காசு இல்லை, பிளேன்டீயும் வருகிறது. ஆட்கள் குடியிருக்கிற வீடு, ஆகவே முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். மாரி முடிந்து மாசி, பங்குனியில் போனால் வளவு முழுக்கப் பூ. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும்போது செவ்வரத்தை கூட வாடித்தான் நிற்கும், பிறகு தோட்டம் சரியில்லை என்று என்னை ஏசக் கூடாது. கன்று வாங்குவதென்றால் பெட்டி ஒன்று கொண்டு போங்கள், அங்கே பை கூடத் தருவதில்லை.