ஐந்து நாள் லினக்ஸ் பயிற்சி: மூன்றாண்டு கழித்துக் கையில் நிற்பது

லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட், கணினி நிர்வாகிகளுக்குத் தரும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ சான்றிதழுக்கு ஆயுள் 3 ஆண்டு. 2022 அக்டோபரில் நான் வாங்கியது 2025 அக்டோபரோடு காலாவதியாகிவிட்டது. அதற்காகச் சென்னையில் ஐந்து நாள் தீவிரப் பயிற்சிக்குப் போனது செலவுக்குத் தகுந்ததா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். முடித்த கையோடு கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் வேலை. பயிற்சிக் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. தேர்வுக் கட்டணம் தனி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் பறக்கும் ரயிலில் வேளச்சேரி போய், இரவு எட்டு மணிக்குமேல் திரும்புவேன். வகுப்பில் பதினான்கு பேர். அவர்களில் நான்கு பேர் கல்லூரியிலிருந்து நேரே வந்தவர்கள். கட்டளைத் திரையையே அதுவரை பார்த்ததில்லை. இரண்டாம் நாள் மதியத்தோடு அவர்கள் தொலைந்துபோனார்கள். காத்திருக்க வகுப்புக்கு நேரம் இல்லை. முதல் குறை அதுதான்: யாருக்கானது என்று சொல்லாமல் எல்லோரிடமும் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த குறை: ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 9ஆம் பதிப்பு அந்த ஆண்டு மே மாதமே வந்துவிட்டது. எங்கள் ஆய்வகக் கணினிகளில் ஓடியது 8.

பயிற்சியாளர் மதுரைக்காரர், நல்லவேளையாக வேலை பார்த்துப் பழகிய கை. மூன்றாம் நாள் புதிய வட்டுப் பகுதி ஒன்றை உருவாக்கி, கணினி தொடங்கும்போது அது தானாக இணையும்படி எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதச் சொன்னார். 36 எழுத்து அடையாள எண்ணை நகலெடுக்காமல் கையால் அடித்தேன். ஆறு வர வேண்டிய இடத்தில் 'பி' விழுந்துவிட்டது. சேமித்துவிட்டு "முடிந்தது சார்" என்றேன்.

"ரீபூட் செய்து பார்த்தீர்களா தம்பி?"

கணினியை மறுதொடக்கம் செய்தேன். திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஊர்ந்தன. இல்லாத வட்டைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அவசரநிலைத் திரையில் நிர்வாகியின் (ரூட்) கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. எழுதிய வரியை ரீபூட்டுக்கு முன்பே 'மவுண்ட்' கட்டளையால் சோதித்திருந்தால் இரண்டு நொடியில் பிழை தெரிந்திருக்கும். அவர் திட்டவில்லை. "இதுவே தேர்வாக இருந்தால் இந்நேரம் நெஞ்சு அடைத்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அந்தத் தேர்வின் குணமே அப்படி. கொள்குறி வினா கிடையாது. ஒரு கணினியைக் கொடுத்து இதையெல்லாம் செய் என்பார்கள். இணையம் இல்லை, கணினிக்குள்ளேயே இருக்கும் கட்டளைக் கையேடான மேன் பக்கங்கள்தான் துணை. ரீபூட்டுக்குப் பிறகு நிலைக்காத அமைப்புக்கு மதிப்பெண் இல்லை. 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. தேர்வில் வந்ததை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். ஆனாலும் ஐந்தாம் நாள் மாலை பயிற்சி நிலைய அலுவலக ஆள் ஒருவர் 'பழைய கேள்விகள்' என்று ஒரு பென்டிரைவைச் சுற்றுக்கு விட்டார். மதுரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகலெடுக்கவில்லை. நேர்மை பாதி, ஒப்பந்தத்தை மீறினால் சான்றிதழே போய்விடுமே என்ற பயம் பாதி.

எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று லேபிள் ஒட்டிக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு எஸ்இலினக்ஸ். அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம், அது போதவே போதாது. ஆனால் அன்று அவர் காட்டிய ஒன்று இன்றுவரை சோறு போடுகிறது. வீட்டு அடைவிலிருந்து ஒரு பக்கத்தை வெப் சர்வரின் அடைவுக்கு நகர்த்தினால் அதன் பழைய லேபிள் கூடவே போகிறது. அனுமதிகள் சரியாக இருந்தும் சர்வர் அதைக் காட்ட மறுக்கிறது. நகலெடுத்துப் போட்டால் போன இடத்தின் லேபிளை ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறது. நகர்த்தியதையும் 'ரெஸ்டோர்கான்' கட்டளை சரிசெய்துவிடும். எங்கள் அலுவலகத்தில் அதுவரை இதற்குத் தெரிந்த ஒரே மருந்து எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவதுதான்.

இனி மூன்றாண்டுக் கணக்கு. மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் கட்டி ஓட்டும் கன்டெய்னர் பாடம் முழுவதும் மறந்துவிட்டது. தொடவே வாய்ப்பு வரவில்லை. வட்டுப் பகுதியை விரிவாக்கும் கட்டளைகளை இன்றும் மேன் பக்கம் பார்த்துத்தான் அடிக்கிறேன். பேக்கப், கண்காணிப்பு, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யாரை எழுப்புவது, இதெல்லாம் அங்கே பாடத்திலேயே இல்லை. சம்பளம் உயர்ந்தது, சான்றிதழுக்காக அல்ல என்று மேலாளர் சொன்னார். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

நிலைத்தது ரீபூட் புத்திதான். 2024இல் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நீண்டு யுபிஎஸ்ஸும் தீர்ந்து, பில்லிங் சர்வர் அணைந்துபோனது. மின்சாரம் வந்த பிறகு சர்வர் எழுந்தது, ஒரு கிளைக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. எல்லோரும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஃபயர்வாலில் இணைப்பு வரும் வழியை (போர்ட்) திறந்தவர் அதை ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்படி நிரந்தரமாக்காமல் விட்டிருப்பார் என்று பார்த்தேன். அதேதான். அந்த 'யாரோ' நான்தான், பயிற்சிக்குப் போவதற்கு முந்தைய ஆண்டு. சர்வர் அதுவரை ஒருமுறைகூட அணையாததால் தப்பித்திருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் முதலில் இரண்டு மாதம் வீட்டிலேயே பழகிவிட்டுப் போகலாம். ரெட்ஹேட்டைப் போலவே இயங்கும் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் இலவசம். ரெட்ஹேட்டே டெவலப்பர் சந்தாவில் 16 கணினிகள்வரை இலவசமாக நிறுவ விடுகிறது. அடிப்படை தெரிந்துபோனால் ஐந்து நாளும் கேள்வி கேட்கவே சரியாக இருக்கும். தெரியாமல் போகிறவர்களுக்கு வாரக் கடைசி வகுப்புகளே மேல்.

நான் இன்னும் புதுப்பிக்கவில்லை. போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் அதே பயிற்சிக்குப் பணம் கட்டப் போவதாகச் சொன்னான். என் பழைய லேப்டாப்பில் இரண்டு மெய்நிகர் கணினிகளை நிறுவிக் கொடுத்து, பணம் கட்டுவதற்கு முன்னால் இவற்றைக் கெடுத்துப் பார் என்றேன். மறுநாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது: "அண்ணா, சிவப்பாக நட்சத்திரம் ஓடுகிறது."