வாவியில் வள்ளம் கட்ட போலின் முடிச்சு: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பக்கம் சின்ன பைபர் வள்ளம் ஒன்று வைத்திருக்கிறேன். கயிற்று நுனியில் சுருங்காத கண்ணி வேண்டுமென்றால் சில வருடமாக எனக்கு போலின்தான்.

கட்டுவது சுலபம். நுனிப் பக்கம் மேலே கிடக்கும்படி ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனியை அடியிலிருந்து வளையத்துக்குள் ஏற்றி, நீளக் கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, ஏறிய வளையத்துக்குள்ளேயே திரும்ப இறக்கி இழுத்தால் சரி. முதல் வளையம் மாறிப் போட்டால் பார்வைக்கு முடிச்சாகத்தான் இருக்கும், இழுத்தால் பிடிக்காது.

எனக்கு இதில் பிடித்ததே அவிழ்ப்பதுதான். தும்புக் கயிறு இரவெல்லாம் நனைந்து ஊறி இறுகியிருந்தாலும், நீளக் கயிற்றைச் சுற்றி வரும் மடிப்பைப் பெருவிரலால் பின்னுக்குத் தள்ளினால் இளகிவிடும். வெறும் ஒற்றை முடிச்சாக இருந்தால் கத்திதான் எடுக்க வேண்டும்.

ஆனால் புது நைலோன் கயிற்றில் இதை அப்படியே நம்பமாட்டேன். வழுக்கும் கயிறு, அதோடு வள்ளம் ஆட ஆட, கயிறு ஒருமுறை இழுபடும், ஒருமுறை தொய்யும். அந்தத் தொய்வில்தான் முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வாடைக்காற்று நாட்களில் சொல்லவே வேண்டாம். நுனியை ஒரு சாண் நீளமாவது விடுங்கள். அல்லது முதல் வளையத்தை இரண்டு சுற்றாகப் போடுங்கள். நான் இப்போது நைலோனில் எப்போதும் இரட்டைச் சுற்றுதான்.

இன்னொரு குறை, கயிறு விறைத்து நிற்கும்போது போலினை அவிழ்க்க முடியாது. மாரி மழையில் வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் வேகமாக இறங்கும். உயரத்தில் கட்டிய வள்ளம் கயிற்றில் தொங்கிப் பாரமாக இழுக்கும். அந்த நேரத்துக்கு, கரையில் நட்ட கட்டையைக் கயிற்றால் முழுதாகச் சுற்றி இரண்டு அரை முடிச்சு போடுவதுதான் சரி. பாரம் இருக்கும்போதே அதை மெதுவாகத் தளர்த்தலாம். அதனால் வள்ளத்து வளையத்தில் போலின், கரைக் கட்டையில் அது. மழைக்காலத்தில் இந்த ஏற்பாட்டை நான் மாற்றுவதில்லை.

வெயில் காலத்தில் கரையிலும் பெரிய போலின் கண்ணியாகப் போட்டுக் கட்டையில் மாட்டிவிடுவேன். ஏற்கெனவே வேறொருவர் கண்ணி அதில் கிடந்தால், உங்களுடையதை அதற்குள் அடியிலிருந்து மேலே எடுத்து மாட்டுங்கள். அப்புறம் யார் முதலில் போனாலும் மற்றவர் கயிற்றைக் கழற்ற வேண்டியதில்லை, விடியக்காலையில் ஏச்சும் வாங்க வேண்டியதில்லை.