விளிம்பைப் படிக்கத் தெரிந்த கடை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியின் நகைக்கடை வரிசையிலிருந்து சற்று விலகி, ஒழுங்கை ஒன்றினுள் இருக்கும் அந்தப் பழம்பொருள் கடைக்குப் பெரும்பாலானோர் குத்துவிளக்கோ வால்வு றேடியோவோ தேடித்தான் போகின்றனர். இடப்பக்கச் சுவரோடு நிற்கும் கண்ணாடி அலுமாரியில் இராணுவப் பதக்கங்களும் தொப்பிச் சின்னங்களும் பித்தளைப் பொத்தான்களும் இருப்பதைப் பலர் கவனிப்பதேயில்லை. இம்மதிப்பீடு அந்த அலுமாரியையும், பழைய பதக்கங்களை அடையாளம் கண்டு சொல்வதற்கு உரிமையாளர் நடத்தும் சேவையையும் பற்றியது. பொருள் வாங்குவதற்கு இக்கடையை அரைமனதோடுதான் பரிந்துரைப்பேன். ஆனால் வீட்டில் கிடக்கும் பதக்கம் இன்னதென்று அறிந்துகொள்ள, எனக்குத் தெரிந்தவரை, குடாநாட்டில் இதைவிட நல்ல இடமில்லை.

அலுமாரியில் உள்ளவற்றில் பெரும்பகுதி மலாயன் பென்சனியர் வீடுகளிலிருந்து வந்தவை. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தவர்களுட் சிலர் அங்கிருந்த தொண்டர் படைகளில் சேர்ந்திருந்தனர். அவர்கள் கொண்டுவந்த பதக்கங்கள் பெட்டகத்தின் அடியில் கிடந்து, பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் வீடு விற்கப்படும்போதுதான் வெளியே வருகின்றன. பதக்கத்தோடு வந்த கடிதங்களும் சேவைச் சான்றிதழ்களும் 1995 இடப்பெயர்வில் அநேகமாக அழிந்துவிட்டன. ஆகவே அந்த உலோகத் துண்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறு சாட்சியம் இல்லாத நிலையில்தான் மக்கள் இங்கே வருகிறார்கள்.

உரிமையாளர் இதை நன்கு உணர்ந்தவர். பதக்கத்தைக் கையில் வாங்கியதும் அரசரின் தலையையோ பின்புற உருவத்தையோ அவர் பார்ப்பதில்லை. நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் உருப்பெருக்கியோடு விளிம்பைத்தான் முதலில் சுற்றிப் பார்க்கிறார். முதலாம் உலகப் போருக்கான பிரித்தானியப் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் பெற்றவரின் இலக்கம், பெயர், படைப்பிரிவு ஆகியவை பதிக்கப்பட்டிருக்கும். பெயர் கிடைத்துவிட்டால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பதக்கப் பதிவட்டைகளில் அந்த ஆளைத் தேடலாம். இரண்டாம் உலகப் போரின் ஆறுமுனை நட்சத்திரங்களோ பிரித்தானியாவினால் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டவை. இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படையினருக்குக் கொடுத்தவற்றில் மட்டும் பெயர் உண்டு. அப்பாவின் பசிபிக் நட்சத்திரம் என்று ஒருவர் கொண்டுவந்தால், அது அப்பாவுடையதுதான் என்று அந்த உலோகத்தை வைத்து யாராலும் நிறுவ முடியாது என்பதை அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். கூடவே, மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பெப்ரவரி 15 வரையிலான தரைப்படைச் சேவைக்குப் பசிபிக் நட்சத்திரம் உரியது என்பதால், குடும்பக் கதை அந்தக் காலத்தோடு பொருந்துகிறதா என்றும் விசாரிக்கிறார். அதே மலாயாவில் 1948க்குப் பின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க நடந்த அவசரகாலச் சேவைக்கான பொதுச் சேவைப் பதக்கம், ஊதா றிபனின் நடுவே பச்சைக் கோடும், றிபனின் மேல் ‘மலாயா’ என்று எழுதிய உலோகப் பட்டையும் கொண்டது. அதன் விளிம்பில் பெயர் இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் கொண்டுசென்றவற்றுள் ஒன்று, எங்கள் வீட்டில் தலைமுறையாகச் ‘சண்டைப் பதக்கம்’ என்று சொல்லப்பட்டு வந்த வட்ட வெள்ளிப் பதக்கம். அதைப் புரட்டி, வேலையின் இடையே இளைப்பாறும் ஆடையற்ற ஆணின் உருவத்தைக் காட்டி, “இது சண்டைக்குக் குடுத்ததில்லைத் தம்பி, கந்தோரில கனகாலம் ஒழுங்காய் வேலை செய்ததுக்குக் குடுத்தது” என்றார். அது 1902இல் ஏற்படுத்தப்பட்ட இம்பீரியல் சேவைப் பதக்கம். கீழ்நிலை அரச ஊழியர் நீண்டகாலச் சேவையின் பின் ஓய்வு பெறும்போது வழங்கப்பட்டது. பெற்றவர்களின் பெயர்கள் லண்டன் வர்த்தமானியில் வெளிவந்தன. தொடக்கத்தில் நட்சத்திர வடிவில் இருந்து 1920இல்தான் வட்டமானது என்பதால், எங்களுடையது அதற்குப் பிந்தியது என்பதும் அப்போதே தெளிவாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘இராணுவப் பதக்கம்’ என்று பேணப்படுபவற்றில் இத்தகையவையும், முடிசூட்டு விழாக்களின்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நினைவுத் தகடுகளும் கணிசமானவை. விற்பனையை மட்டும் நோக்கும் ஒருவர் இதை இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கமாட்டார்.

அடுத்து அவர் கேட்டது: “பழப்புளி போட்டுத் தேய்ச்சவையோ?” தேய்த்திருந்தார்கள். பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோல் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியதில் அரசரின் மீசை மழுங்கி, காலம் ஏற்றிய கருமை முழுவதும் போய்விட்டிருந்தது. சேகரிப்போர் அந்தக் கருமைக்கே விலை கொடுக்கிறார்கள் என்பதையும், தூசியைத் தட்டுவதற்கு மென்மையான துணி போதும் என்பதையும் இங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வதுண்டாம்.

போலிகளைக் கண்டுபிடிப்பதில் இவருடைய முறை எளிமையானது, நம்பகமானதும்கூட. பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீற்றர். வேணியர் இடுக்கிமானியில் அதற்குக் குறைந்தால், பழைய பெயரை அராவி நீக்கிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கலாம், அல்லது அச்சில் உருக்கி வார்த்த பிரதியாக இருக்கலாம். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், முகப்பில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். அலுமாரியில் அப்படியொரு பதக்கத்துக்கு ‘விளிம்பு அராவப்பட்டது’ என்று அவரே அட்டை எழுதி வைத்திருக்கிறார். விலை அதிகமாகப் போவதால் அதிகம் போலி செய்யப்படுகிற, இரண்டாம் போரில் ஐரோப்பாவின் மேல் பறந்த விமானக் குழுவினருக்கான ஏர் குரூ யூரோப் நட்சத்திரம் ஒன்றும் ‘பிரதி’ என்ற குறிப்போடுதான் இருக்கிறது. இரண்டாம் போரின் போர்ப் பதக்கத்தை வெள்ளியென்று எண்ணி வருவோருக்கு அது செம்பும் நிக்கலும் கலந்தது என்றும், கனடாவில் வழங்கப்பட்டவை மட்டுமே வெள்ளி என்றும் விளக்குகிறார். சின்னங்களில் கிரீடத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்: மேஜர் தரத்துக்குரிய தோள் கிரீடத்தின் வளைவுகள் மேலே குவிந்திருந்தால் அது மன்னர் காலத்தது, நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் அரசியின் காலத்தது, 1972இல் நாடு குடியரசானதன் பின் அங்கே கிரீடமே இல்லை, அரச இலச்சினைதான். இந்த அறிவுக்கெல்லாம் அவர் கேட்கும் கட்டணம் ஒரு மதியச் சாப்பாட்டின் விலையைத் தாண்டாது.

விற்பனைப் பக்கத்துக்கு வந்தால் நிலைமை வேறு. எந்தப் பொருளிலும் விலை எழுதப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் தொகை ஏறிவிடுகிறது. றிபன்கள் பல புதியவை. காசு சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் அவை நீல வெண்மையாக ஒளிர்கின்றன, போர்க்காலப் பருத்தியோ பட்டோ அப்படி ஒளிர்வதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்கிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை. அட்டையில் அவ்வளவு நேர்மையாக எழுதுகிறவர் இதில் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. பின்னேர வெயில் நேரே அலுமாரியில் விழுவதால் அசல் றிபன்களும் வெளிறிக்கொண்டிருக்கின்றன. பிவிசி உறைகளில் போட்டு வைத்த வெண்கலப் பதக்கங்களில் பச்சைக் களிம்பு படரத் தொடங்கியிருக்கிறது. உப்புக் காற்றுள்ள இந்த ஊரில் அமிலமற்ற தாளும் உலர்ந்த பெட்டியும்தான் வேண்டும். சட்டமிடும் சேவையை யாரும் நாட வேண்டாம். பதக்கத்தின் முதுகில் சூட்டுப் பசை வைத்து ஒட்டுகிறார்கள்.

சீருடைகள் மிகக் குறைவு; சில காக்கிச் சட்டைகளும் ஒரு கம்பளி மேலங்கியுமே உள்ளன. உள்பக்கச் சீட்டில், பிரித்தானிய அரச உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும் ஆண்டும் தெரிகிறவற்றை மட்டும் பார்த்தால் போதும். அம்போடு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது இந்தியாவில் தைக்கப்பட்டது. பொத்தானின் முதுகில் பொத்தான்களும் சின்னங்களும் செய்த பர்மிங்காம் கோண்ட் நிறுவனத்தின் பெயர் இருக்கும் சட்டைகளை விட்டுவிட வேண்டாம். உருமறைப்புத் துணிகளையோ, இந்நாட்டுப் போர்க்காலத்தைச் சேர்ந்த எந்தத் தரப்பின் சின்னத்தையோ இவர் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் அல்ல, அவற்றைப் பார்க்க நேரும் வாடிக்கையாளரை எண்ணியும்தான் என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

போகிறவர்கள் காலையில் போவது நல்லது. விளிம்பெழுத்தைப் படிக்க அப்போதுதான் வெளிச்சம் போதும். வாங்கினால், விளிம்பில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் றிபன் பழையதா புதியதா என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும், மறுப்பதில்லை. றிபன் மாற்றக் கொடுப்பவர்கள் பழையதைத் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது.