பெங்களூரு பப் பில்லில் தேவையில்லாமல் போகும் 1,350 ரூபாய்

இந்திராநகர் 100 அடி சாலைப் பக்கம் ஒரு பப். சனிக்கிழமை இரவு, ஆறு பேர் உட்கார்ந்த மேசை. சாப்பாடு 4,000 ரூபாய், மது 6,000 ரூபாய். கடைசியில் கொண்டுவந்து வைத்த பில் 11,550. இதில் 1,350 ரூபாய் கொடுக்க வேண்டியதே இல்லாத பணம். ஆளுக்கு 1,925 என்று கியூஆர் கோடில் பிரித்துக் கட்டும் அவசரத்தில் யாருமே பில்லைப் படிப்பதில்லை. அதை நம்பித்தான் இப்படிப் போடுகிறார்கள்.

முதலில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 1,000 ரூபாய். இது வரி இல்லை, அரசுக்குப் போவதும் இல்லை. இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் கொடுத்தது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பும் சொன்னது. மெனுவின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தாலும் கட்டாயம் ஆகிவிடாது. 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' என்று பெயர் மாற்றிப் போட்டாலும் அதே கதைதான்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. சாப்பாடு, மது, சர்வீஸ் சார்ஜ் மூன்றையும் கூட்டி, 11,000-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 550 ரூபாய். குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வரவே வராது. அதற்கு வரி போடுவது மாநில அரசு. இருந்தால் தனி வரிசையில் வர வேண்டும். 4,000 ரூபாய் சாப்பாட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஜிஎஸ்டி 200 ரூபாய்தான். பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம் வரலாம். வெளியே இருக்கும் பப்பில் 5-தான். ஆர்டர் கொடுக்கும்போதே சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் தனித்தனி பில் கேளுங்கள். மது பில்லில் ஜிஎஸ்டி வந்தால் உடனே கண்ணில் படும்.

தட்டிக் கேட்டால் "சிஸ்டம்லயே வருது சார், எடுக்க முடியாது" என்பார்கள். முடியும், மேலாளர் எடுக்கலாம். அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பேனாவால் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்; சர்வீஸ் சார்ஜ் மேல் போட்ட வரி அப்படியே நிற்கும். புதிதாக அச்சடித்த பில்தான் வேண்டும். அதில் ஜிஎஸ்டி எண் (கர்நாடகாவுக்கு 29-ல் தொடங்கும்), 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் கைகலப்பு வேண்டாம். யுபிஐயிலோ கார்டிலோ கட்டி, பில்லைப் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்; 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் அவர் கையில் கொடுங்கள், அது நிச்சயமாக அவருக்குப் போய்ச் சேரும்.

ஹேப்பி ஹவரில் ஏமாற்றம் வேறு விதம். 8 மணி வரை ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்பார்கள். நீங்கள் 7:50-க்குச் சொன்னதை ஊழியர் 8:05-க்குப் பதிவு செய்தால் முழு விலை. எண்ணப்படுவது பதிவான நேரம்தான். கடைசி ரவுண்டை 7:40-க்கே சொல்லி, பதிவான சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிராண்ட் சொல்லாமல் "ஒரு விஸ்கி" என்றால் விலை கூடியது வரும். அளவு சொல்லாவிட்டால் 30 மில்லிக்குப் பதில் 60 வரும். "ரிபீட்?" என்று கேட்டபடி வரும் ஊழியருக்கு மேசையில் ஒரே ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும், அவரே ரவுண்டுகளைக் குறித்துவைக்கட்டும்.

பாட்டில் தண்ணீருக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்குகிறார்களே என்று சண்டை போடுவதில் பயனில்லை. உணவகத்தில் பரிமாறும்போது அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. உட்கார்ந்தவுடன் "சாதாரணத் தண்ணி" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் திறக்க வரும் பாட்டிலை மூடியோடு திருப்பி அனுப்புங்கள்.

மது இல்லாத சின்ன கஃபேக்களில் இன்னொன்றும் பாருங்கள். சில கடைகள் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும்; அதாவது சிறு கடைகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை. அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது, அதைப் பில்லிலும் எழுத வேண்டும். அந்த வாசகம் அச்சாகியிருந்தும் கீழே 5 சதவீதம் சேர்த்திருந்தால், அதைக் காட்டி அங்கேயே எடுக்கச் சொல்லலாம்.