பூஸ்ட் மீட்டர்: ஹோஸா, சென்சரா, ஓபிடியா?

கோலாலம்பூரில் செகண்ட் ஹேண்ட் கோல்ஃப் ஜிடிஐயோ புரோட்டோன் சுப்ரிமா எஸ்ஸோ வாங்கும் நம் இளைஞர்கள் சீக்கிரமே பூஸ்ட் மீட்டரை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைத் தேட ஆரம்பிக்கிறார்கள். எந்த பிராண்டு நல்லது, டெஃபியா, ஏஇஎம்மா என்று பேச்சு நீளும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எஞ்சினில் இருக்கும் அழுத்தம் எந்த வழியாக உங்கள் கண்ணுக்கு வந்து சேரப்போகிறது? ஹோஸ் வழியாக நேராகவே மீட்டருக்கு வரலாம். சென்சரில் மின் சமிக்ஞையாக மாறி ஒயரில் வரலாம். காரின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணை, பட்டறையில் கோளாறு பார்க்கப் பயன்படும் ஓபிடி போர்ட்டில் கேட்டும் வாங்கலாம்.

டர்போ காரில் வரும் கோளாறுகள் பல ஆரவாரமில்லாமல் வருபவை. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் கொஞ்சம் தளரும். ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில் டைவர்ட்டர் வால்வின் (மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடுவது) சவ்வு கிழிவது பலரும் அறிந்தது. கார் நின்றுவிடாது, எச்சரிக்கை விளக்கு உடனே எரியாமலும் போகலாம். இழுவை மட்டும் குறையும். ஓட்டுபவர் ஏர்கானைக் குறை சொல்வார், பெட்ரோலைக் குறை சொல்வார். வழக்கமாக 0.8 பார் (1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்) தொடும் முள் இன்று 0.4-ஐத் தாண்டவில்லை என்று பார்த்தால், எங்கோ காற்று கசிகிறது என்ற சந்தேகம் உடனே வரும். ஆனால் அந்த ‘வழக்கமாக’ எவ்வளவு என்பது மனதில் பதிந்திருக்க வேண்டுமே! அதற்கு மீட்டர் ஒவ்வொரு ஓட்டத்திலும் கண் முன்னால் இருந்தாக வேண்டும். மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது முதலில் இதை வைத்துத்தான்.

இந்த இடத்தில்தான் ஓபிடி பின்தங்குகிறது. விலையில் அதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. இஎல்எம்327 புளூடூத் அடாப்டர் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். கைப்பேசியில் ஒரு செயலி போட்டால் முடிந்தது. ஒரு ஒயர்கூட வெட்ட வேண்டாம். வாரண்டியில் இருக்கும் காருக்கு இதுதான் தலைவலி இல்லாத வழி. ஆனால் தினமும் கைப்பேசியைப் பொருத்தி, இணைத்து, செயலியைத் திறக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? மதிய வெயிலில் கண்ணாடிக்குக் கீழே மாட்டிய கைப்பேசி சூடேறித் திரை மங்குவதும் நடக்கும். எண்ணும் கொஞ்சம் தாமதித்தே வரும். பூஸ்ட், வெப்பநிலை, ஆர்பிஎம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் இன்னும் மெதுவாகும். அரை விநாடியில் ஏறி இறங்கும் அழுத்தம் திரையில் வராமலே போய்விடும்.

அந்த எண்ணுக்குள்ளேயே இன்னொரு சிக்கல் உண்டு. ஓபிடி தருவது மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) முழு அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்தது. கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல்; அதைக் கழித்தால்தான் பூஸ்ட். எங்கே போனாலும் 101-ஐயே கழிக்கும் செயலி கோலாலம்பூரில் சரியாகக் காட்டும். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலையிலோ வெளிக்காற்று 82 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் செயலி மைனஸ் 0.2 பார் என்று காட்டும், பூஸ்டும் அதே அளவு குறைந்து தெரியும். டர்போ போய்விட்டது என்று பதற வேண்டாம். கழித்த எண்தான் தவறு. இந்த அழுத்தத்துக்கான வழக்கமான ஓபிடி எண் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது என்பதையும் கவனியுங்கள். வெளிக்காற்றைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 1.5 பார், அதாவது 22 பிஎஸ்ஐ. ஸ்டாக் காருக்கு இது தாராளம். பெரிய டர்போ போட்டு டியூன் செய்த காருக்குப் போதாது.

ஹோஸ் வழியாக வேலை செய்யும் மெக்கானிக்கல் மீட்டர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. உள்ளே வளைந்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளை நகர்த்தும். போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அப்படியே வேலை செய்கிறது. விளக்குக்குத் தவிர மின்சாரம் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முள் எழும். சாதாரண மீட்டரின் கூடு வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் கெந்திங்கிலும் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். கொடுக்கும் காசுக்கு இவ்வளவு நேர்மையான அளவு வேறு எதிலும் கிடைக்காது.

அதன் பலவீனம் ஹோஸ்தான். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் போனட்டுக்குள் எவ்வளவு சூடு சேரும் என்று யோசியுங்கள். மீட்டரோடு பெட்டியில் வரும் மலிவான பிளாஸ்டிக் ஹோஸ் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும். வெடித்தால் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, ஐட்லிங் தடுமாறும். கோளாறைக் காட்ட வைத்த மீட்டரே கோளாறாகிவிடும். எனவே பெட்டியில் வந்ததை ஒதுக்கிவிட்டு 4 மில்லிமீட்டர் சிலிகான் ஹோஸ் வாங்குங்கள். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் எட்டவே கொண்டுபோங்கள், இரு முனையிலும் கிளிப் போடுங்கள். எஞ்சின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் இடையிலுள்ள தகரச் சுவரான ஃபயர்வாலில் புதுத் துளை போட வேண்டாம். ஒயரிங் போகும் ரப்பர் குரோமெட் வழியாகவே உள்ளே எடுக்கலாம். வெறும் தகரத்தின் விளிம்பு ஹோஸை அறுக்கும், நம் ஊர் ஈரத்தில் துருவும் பிடிக்கும்.

எலக்ட்ரானிக் மீட்டரில் இந்த ஹோஸ் காருக்குள் வருவதே இல்லை. போனட்டுக்குள் ஒரு சாண் நீளத்தோடு சென்சரில் முடிந்துவிடும், உள்ளே வருவது ஒயர்தான். உச்ச அளவை நினைவில் வைப்பது, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எச்சரிப்பது போன்ற வசதிகளும் பலவற்றில் உண்டு. நல்ல ஜப்பானிய மீட்டருக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அந்தக் காசு இல்லையென்றால் நல்ல மெக்கானிக்கல் மீட்டருக்குப் போவதே மேல். டெஃபி பெயரைப் போட்ட போலிகள் இணையக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன; அவற்றின் சென்சர் காட்டும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. சென்சரை எஞ்சினில் மாட்டாமல் பாடியில், துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் உள்ளே தேங்காது. மின்சாரத்தை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஃபியூஸோடு எடுக்க வேண்டும். ரேடியோ ஒயரைச் சீவி முறுக்கும் ஃபோர்மேனிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

ஹோஸோ சென்சரோ, அழுத்தத்தைக் கிளை பிரித்து எடுக்கும் டி-பீஸ் போடும் இடம் ஒன்றுதான்: திராட்டில் வால்வுக்குப் பின்னால், மேனிஃபோல்டின் பக்கம். அதற்கு முன்னால் இன்டர்கூலர் பைப்பில் எடுத்தால் வாக்குவம், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், தெரியாது. டர்போவின் பூஸ்ட் எல்லை மீறாமல் பார்க்கும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸில் கை வைக்கவே கூடாது. அங்கே கசிந்தால் பூஸ்ட் கட்டுப்பாடே குழம்பும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் விட்டுவிடுங்கள். ஃபோக்ஸ்வாகனின் சில டிஎஸ்ஐ எஞ்சின்களில் வசதியான முனை இருக்காது. அவற்றுக்கு, மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரின் கீழே பொருத்தும் தனித் தகடு விற்கிறார்கள், அது சுத்தமான வழி.

மாட்டும் இடத்தைப் பொறுத்தவரை, முன் கண்ணாடியின் ஓரத் தூணில் (ஏ-பில்லர்) மாட்டும் பாட் பார்க்க அழகுதான். ஆனால் சுப்ரிமா எஸ் போல ஆறு ஏர்பேக் உள்ள காரில் பக்கக் கண்ணாடியை மூடி விரியும் கர்ட்டன் ஏர்பேக் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே திருகு போட்டு எதையும் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டீரிங் தண்டின் மேலேயோ ஏர்கான் வென்ட்டிலோ வையுங்கள்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ வைத்திருப்பவர்கள் எதுவும் வாங்க வேண்டாம், அதன் திரையிலேயே பூஸ்ட் அளவு வரும். வாரண்டியில் உள்ள மற்ற கார்களுக்கு இப்போதைக்கு ஓபிடி போதும். வாரண்டி முடிந்த கோல்ஃபுக்கும் சுப்ரிமாவுக்கும் என் ஓட்டு எலக்ட்ரானிக்குக்கே. பட்ஜெட் இடிக்கிறது என்றால் மெக்கானிக்கல், ஆனால் சிலிகான் ஹோஸோடு.

மாட்டி முடித்ததும் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் சூடான பிறகு, ஏர்கானை அணைத்து ஐட்லிங்கில் விட்டால் நல்ல பெட்ரோல் எஞ்சின் மைனஸ் 0.6, 0.7 பார் அளவில் நிலையாக நிற்கும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். முள் ஆடினால் டி-பீஸைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எஞ்சினை நிறுத்துங்கள். மெக்கானிக்கல் மீட்டரின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே வேறு மீட்டர் கேளுங்கள்.