டின்னா, டிரம்மா, பாட்டிலா? பாலஸ்தீன ஆலிவ் எண்ணெய்க்கு மூன்று வழிகள்

மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் வந்தால் ஆலிவ் பறிப்பு. குழந்தை குட்டிகளோடு குடும்பமே தோப்பில்தான் இருக்கும். காயை ஆலைக்குக் கொண்டுபோய்ப் பிழிந்தாயிற்று. சரி, எண்ணெயை யாரிடம் விற்பது?

பழைய வழி, டின். 'தனக்கே' என்பார்கள், சுமார் 16 கிலோ பிடிக்கும் தகர டின். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வருஷா வருஷம் வாங்குவார்கள். சான்றிதழ் யாரும் கேட்பதில்லை, காசு உடனே கைக்கு வரும். ஆனால் ஆலிவ் மரம் நம் மாமரம் மாதிரிதான்: ஒரு வருஷம் காய்த்துக் கொட்டும், மறுவருஷம் கையை விரிக்கும். காய்க்கிற வருஷம் எல்லோர் வீட்டிலும் எண்ணெய் இருக்கும், விலை இறங்கிவிடும். இஸ்ரேல் ராணுவம் சாலையை அடைத்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கூட வாங்க வர முடியாது.

இரண்டாவது, டிரம். ஜெனின் பக்கம் புர்கீன் கிராமத்தில் நாசர் அபுஃபர்ஹா 2004இல் தொடங்கிய கனான் நிறுவனம், சிறு விவசாயிகளின் கூட்டுறவுகளிடமிருந்து எண்ணெய் வாங்குகிறது. அதில் பெரிய அளவை மொத்தமாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் டாக்டர் பிரான்னர்ஸ் சோப்பு நிறுவனம். சோப்புக்குத்தானே என்று இளக்காரம் வேண்டாம். நாப்லஸ் நகரம் நூற்றாண்டுகளாகப் பேர் வாங்கியதே ஆலிவ் எண்ணெய் சோப்பால்தான். இங்கேயும் இயற்கை விவசாயம், நியாய வணிகம் என்று சான்றிதழ்கள் உண்டு. ஆனால் சோப்புக்கு நாக்கு கிடையாது. வாங்குகிறவர் எண்ணெயின் ருசியையோ ஊரையோ பார்த்து வாங்குவதில்லை.

மூன்றாவது பாட்டில். இதுதான் கவர்ச்சியானது, சிக்கலும் இதில்தான் அதிகம். பிரிட்டனில் இரண்டு பெண்கள் 2004இல் தொடங்கிய ஸைத்தூன் நிறுவனம், கனான் மூலமாகவும் எண்ணெய் எடுக்கிறது. 2009இல் அது கொண்டுவந்ததுதான் உலகிலேயே ஃபேர்டிரேட், அதாவது நியாய வணிகச் சான்று பெற்ற முதல் ஆலிவ் எண்ணெய். சந்தை விழுந்தாலும் குறைந்தபட்ச விலை உண்டு. அதற்கு மேல் வரும் கூடுதல் தொகையை எதற்குச் செலவிடுவது என்று கூட்டுறவே முடிவு செய்யும்.

பதிலுக்கு 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்ற உயர்ந்த தரம் கேட்கிறார்கள். அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் காயைச் சரியான பருவத்தில் பறிக்க வேண்டும், சாக்கில் புழுங்க விடாமல் கிரேட்டில் எடுத்துப்போய் உடனே பிழிய வேண்டும். 2002இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தோப்பு இருப்பவர் என்ன செய்வார்? அனுமதிச் சீட்டு வேண்டும், கேட் திறக்க வேண்டும். காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு எத்தனையோ பேரால் தோப்பை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. நல்ல விலை தரும் இந்த வழி, விவசாயியின் கையில் இல்லாத ஒன்றையே நிபந்தனையாக வைக்கிறது. லண்டன் கடையில் லேபிளைப் படிப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அப்படியும் என் ஓட்டு பாட்டிலுக்கே. காரணம் எண்ணெய் அல்ல. காய்க்காத வருஷத்திலும் அதே ஸைத்தூன், கோதுமையை உருட்டிச் செய்யும் மஃப்தூல், ஸஅதர் என்ற மூலிகைப் பொடி, பச்சைக் கோதுமையைச் சுட்டெடுத்த ஃப்ரீக்கே, பாதாம், பேரீச்சை எல்லாம் வாங்குகிறது. மஃப்தூலைக் கையால் உருட்டுவது பெண்களின் கூட்டுறவுகள். அந்தக் காசு நேராக அவர்களிடம் போகிறது. டிரம்மில் இதற்கு இடமில்லை.

டின்னை மட்டும் யாரும் விட்டுவிட மாட்டார்கள். வீட்டுக்கு ஒதுக்கியதுபோக மிச்சம்தான் வியாபாரம்.